பின்கதவுக் கண்ணாடிகள்

அந்தக் காரின் கதவைப் பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்கும். இளநீரைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம். மழை விட்டு வெயில் எறித்த பிறகும் அது போகாது. கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் இருக்கவேண்டிய றப்பர் உக்கிப் பொடிந்துவிட்டதால், கண்ணாடியில் பட்ட மழையெல்லாம் வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கியது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்ட துளைகள் துருவால் அடைபட்டுக் கிடந்தன. வந்த தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே குடியிருந்தது.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு வந்த மாரி அது. கார் என் சினேகிதனின் மாமாவுடையது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு, பென்சனோடு ஊர் திரும்பியபோது அவர் கப்பலில் ஏற்றி வந்தது. சண்டைக் காலத்தில் பெற்றோலுக்குக் கூப்பன் வந்ததும் கிடுகுக் கொட்டிலுக்குள் தள்ளி நிறுத்தினார். பிறகு அதை வெளியே எடுக்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத மனிதர். அவருடைய வளவும் காரும் தங்கை வீட்டுக்கு, அதாவது என் சினேகிதனின் தாய்க்கு, வந்து சேர்ந்தன. தகப்பனும் இல்லாத வீடு அது. தாய், தங்கை ஒருத்தி, அவன். ஆகவே எல்லாவற்றுக்கும் அவன் சொல்தான் சொல்.

அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பரீட்சையும் ஒன்றாகவே பாஸ் பண்ணினோம். பாஸ் பண்ணியதால் அவனுக்கு ஒன்றும் ஆகவேண்டியிருக்கவில்லை, எனக்கு ஆகவேண்டியிருந்தது. என் ஐயா அச்சுவேலிப் பக்கம் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். எங்கள் பரம்பரையில் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூடப் படி மிதித்ததில்லை. ஐயாவின் புகையிலையை வாங்குகிற முதலாளிக்குத் தெற்கே தூரத்தில், சிங்கள ஊரான காலிப் பக்கத்தில் ஒரு சுருட்டுக்கடை இருந்தது. கணக்கு எழுத ஆள் வேண்டும், தை பிறக்கும்வரை பார்ப்பேன், பெடியனை அனுப்பு என்று அவர் ஐயாவிடம் சொல்லியிருந்தார்.

எனக்குப் போக விருப்பமில்லை. அந்தக் கடைகளுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கடைக்குள்ளேயே சமைத்து, கடைக்குள்ளேயே படுத்து, வருஷத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஒரு பிஸ்கற் பெட்டியோடு வருவார்கள். வந்தவர்களைக் கண்டு சொந்தப் பிள்ளைகளே தாயின் பின்னால் ஒளியும். ஊரோடு இருந்து பிழைக்க ஒரு வழி கிடைத்தால் போதும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சினேகிதன் என்னைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய்க் காரைக் காட்டினான்.

"மச்சான், எஞ்சின் கல்லுமாதிரி இருக்கு. உந்தக் கண்ணாடியள்தான் சனியன்," என்றான்.

"அதுகளைச் சரிக்கட்டினா?"

"சரிக்கட்டினா, தை பிறக்கச் சந்தியிலை வாடகைக்கு விடுவம். யாழ்ப்பாணத்துக்கு ஓடலாம், வல்வெட்டித்துறைக்கு ஓடலாம். கோட்டு வழக்குக்குப் போறவை, ஆசுப்பத்திரிக்குப் போறவை, கலியாணம், சாமத்தியச் சடங்கு. நீ ஓட்டு. நீ படிச்சனி, உன்னோடை சனம் நம்பி ஏறும். காலியிலை போய்க் கிடந்து சுருட்டுக்கட்டு எண்ணப்போறியே?"

"கொம்மா ஓமெண்டுவாவோ?"

"எங்கடை காரடா மச்சான்! எங்கடை காரை விட எங்களை ஆர் கேக்கிறது?"

அவன் அப்படிச் சொன்னபோது என் தோளில் கை போட்டிருந்தான். அன்று வீட்டுக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன், தை வரை பொறுங்கோ, நாங்கள் கார் விடப்போகிறோம் என்று. ஐயா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "ஆரின்ரை கார்?" என்று கேட்டார்.

"எங்கடை," என்றேன். அம்மா அதைக் கிணற்றடியில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டார்.

ஓட்டுவதில் எனக்குப் பயமிருக்கவில்லை. கூப்பன் வருமுன் மாமா இருந்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காரில்தான் பழகினோம். ஆனால் மாரி காலத்தில் ஒழுகுகிற காரில் எவர் காசு கொடுத்து ஏறுவார்? ஒழுக்கு மட்டுமல்ல, சத்தமும் இருந்தது. றப்பர் போன கண்ணாடிகள் நாலும் ஓடும்போது கடகடவென்று ஆடும். ஒருநாள் சந்திவரை கொண்டுபோய்ப் பார்த்தோம். தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஒருவர் உள்ளே திரும்பி, "டேய், சோடாக்காறன் வாறான், வெறும் போத்திலுகளை எடுத்து வையடா!" என்று கத்தினார். சினேகிதன் இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டான். நான் கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

புது றப்பருக்குக் கொழும்புக்கு எழுதிக் கேட்டோம். அந்த மாதிரிக் காருக்குச் சாமான் இப்போது சீமையிலிருந்து வருவதில்லை என்றார்கள். அப்போதுதான் சினேகிதனுக்கு ஒரு யோசனை வந்தது.

"கடலுக்கை போற வத்தைக்குத் தண்ணி புகாமல் என்ன பூசுறவை? உதைப் பூசினாக் காருக்குப் போதாதோ?"

எங்களுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. சைக்கிளில் வல்வெட்டித்துறைக்குப் போய், வத்தைகளுக்குப் பலகை இடுக்கு அடைக்கிறவர்களிடம் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய களியை ஒரு சிரட்டை நிறைய வாங்கி வந்தோம். தந்தவர், "என்ன தம்பியவை, தோணி கீணி வேண்டிப்போட்டியளோ?" என்று கேட்டார். கார் என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஓம், சின்னத் தோணி," என்று சொல்லிவிட்டான் அவன்.

பஞ்சோடு சேர்த்துக் கண்ணாடியைச் சுற்றி இடுக்கெல்லாம் அடைத்தோம். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினோம். பிறகு கண்ணாடியை இறக்கப் பார்த்தால் அது அசையவில்லை. களி கல்லாக இறுகியிருந்தது. வத்தையின் பலகை ஏறி இறங்குவதில்லை, காரின் கண்ணாடி ஏறி இறங்கவேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருடைய புத்திக்கும் எட்டவில்லை. மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் எறித்ததும் அந்தக் களி உருகி இருக்கையில் வழிந்தது. அதில் இருந்துவிட்டு எழும்பிய சினேகிதனின் வேட்டி பாதி காரோடு நின்றது. அதைச் சுரண்டி எடுக்க மண்ணெண்ணெயும் பொறுமையும் எவ்வளவோ போயிற்று.

அதற்குப் பிறகுதான் வேலையை முறையாகத் தொடங்கினேன். மாமாவின் அலுமாரியில் காரோடு வந்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கிப் படம் படமாகப் பார்த்தேன். கண்ணாடி இரண்டு பக்கமும் ஒரு காடிக்குள், நீளப் பள்ளத்துக்குள், ஏறி இறங்குகிறது. காடிக்குள் கம்பளி ஒட்டியிருக்கவேண்டும். அதுதான் கண்ணாடியை ஆடவிடாமல் பிடிக்கிறது. கண்ணாடியின் அடி ஒரு தகட்டுக்குள் நிற்கிறது; அதற்குள் றப்பர் வேண்டும். கதவின் விளிம்பில் கண்ணாடியோடு உரசிக்கொண்டு ஒரு றப்பர் நாக்கு நிற்கவேண்டும். மழையை வெளியே வழித்துவிடுவது அதுதான். எங்கள் காரில் காடிக்குக் கம்பளியுமில்லை, தகட்டுக்கு றப்பருமில்லை, விளிம்புக்கு நாக்குமில்லை. கறையானும் எலியும் சூடும் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தன.

மருதனார்மடச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர் வெடித்த ரியூப் ஒன்றைத் தந்தார். லொறி ரியூப்பின் றப்பர் தடிப்பானது, நாக்குக்கும் தகட்டுக்கும் பொருந்தியது. காடிக்கு, பலாலியில் வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துவிட்ட கம்பளிப் போர்வைத் துண்டு ஒன்று கிடைத்தது. கைபிடியைக் கழற்றி, கதவின் உள்பலகையைக் கழற்றி, தண்ணீரை வடியவிட்டு, துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, துருவைத் தேய்த்து, சைக்கிள் ஒட்டுப் போடுகிற சொலூசனால் கம்பளியைக் காடிக்குள் ஒட்டினேன். ஒரு பக்கம் தடித்தால் கண்ணாடி இறுகும், மறுபக்கம் மெலிந்தால் ஆடும். ஒட்டி, ஏற்றிப் பார்த்து, பிய்த்து, மறுபடி ஒட்டி. சினேகிதன் பக்கத்தில் குந்தியிருந்து பகிடி விட்டுக்கொண்டிருப்பான், கேட்ட சாமானை எடுத்துத் தருவான். கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் முன்கதவுகள் இரண்டும் முடிந்தன. இடதுபக்கக் கண்ணாடி என் ஒற்றை விரலுக்கு இறங்கியபோது, பரீட்சை பாஸ் என்று அறிந்தபோதுகூட வராத சந்தோஷம் வந்தது.

பின்கதவுகளுக்குக் கம்பளி போதவில்லை. தேடாத இடமெல்லாம் தேடினேன். விளக்கீடு கழிந்து ஒரு கிழமையிருக்கும், சினேகிதன் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தான். மாமாவின் சாம்பல் நிறத் தொப்பி. நல்ல தடித்த கம்பளி.

"அம்மா கண்டா என்னைக் கொல்லுவா," என்றவன் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, மாமாவைப் போலவே வயிற்றைத் தள்ளி நடந்து, "கமோன், கமோன்! குயிக், குயிக்! லேசி பெலோஸ்!" என்றான். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்து, "வெட்டடா மச்சான். வடிவாச் செய். பின்பக்கந்தான் முக்கியம்," என்றான்.

தொப்பியின் விளிம்பை வட்டமாக ஒரே நாடாவாக வெட்டினேன். அது பாம்புபோல வளைந்து நின்றது. ஈரத்துணி போட்டுக் கரி இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி நேராக்கி, பிறகு காடிக்குள் ஒட்டினேன். அந்த மாரியில் நான் செய்த வேலைகளிலே அதுதான் திறமான வேலை. ஆனால் புதுக்கம்பளி கண்ணாடியை இறுகப் பிடித்தது. பவுடர் போட்டால் வழுக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. சினேகிதன் அன்று யாழ்ப்பாணம் போயிருந்தான். நான் குசினிப் பக்கம் போய் நின்று, பவுடர் கொஞ்சம் கிடைக்குமோ என்று கேட்டேன்.

அவனுடைய தங்கை தன் பவுடர் ரின்னைக் கொண்டுவந்து திண்ணைக் குந்தில் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"கார் சரிவந்திடுமோ அண்ணை?"

"இனி என்ன, வந்தமாதிரித்தான்," என்றேன் பெருமையாக.

"சரிவராட்டிலும் பாதகமில்லை," என்றாள். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ரை அண்ணை உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள்.

"என்னத்தை?"

"ஒண்டுமில்லை," என்று ரின்னை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் சிரித்துக்கொண்டேன். எங்கள் கார் ஓடுமோ ஓடாதோ என்று பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன்.

மார்கழியில் ஒருநாள், "நாளைக்குக் காலமை கார் பாக்க ஒராள் வருவார், நீயும் நில்லு," என்றான் சினேகிதன். வாடகைக்கு விடுகிற காரை அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஆள்தான் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். பரீட்சைக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டை அம்மா தோய்த்து மடித்துத் தந்தார். ஐயாவும் அன்று தோட்டத்துக்குப் போகும்போது வாசல் படலையில் நின்று, "கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு, கன கதை கதையாதை," என்றார்.

வந்தவர் நடுத்தர வயதுக்காரர். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, கையில் குடை. எஞ்சினை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்து, கண்ணாடிகளைத் தானே முறுக்கி ஏற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து கையைக் காட்டினார். கேட்கவில்லை. பிறகு ஒரு விரல் அளவுக்கு இறக்கி, "தண்ணி ஊத்துங்கோ," என்றார்.

"தண்ணியோ?" என்றான் சினேகிதன்.

"ஓம். கிணறு இருக்குத்தானே. நல்லா ஊத்துங்கோ. மழை வரும்வரைக்கும் நான் இதுக்கை காத்திருக்கேலுமே?" என்றுவிட்டுக் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

நான் துலாவில் தண்ணீர் அள்ள, சினேகிதன் வாளி வாளியாகக் கொண்டுபோய்க் காரின் மேல் ஊற்றினான். உள்ளே அவர் கோட்டோடு சுவாமிபோல அசையாமல் இருந்தார். நாங்கள் அபிஷேகம் செய்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கண்ணாடிக்குள்ளிருந்து விரலை நீட்டிக் காட்டுவார், அந்த இடத்தில் ஊற்றவேண்டும்.

"முன்னுக்கு வேண்டாம், பின்னுக்கு ஊத்துங்கோ. பொம்பிளை இருக்கிறது பின்பக்கந்தானே," என்றார் கண்ணாடியைச் சற்று இறக்கி.

பொம்பிளை என்றால் காரில் ஏறுகிற பெண்பிள்ளைகள் என்று விளங்கிக்கொண்டேன். நல்ல யோசனைக்காரர், சனத்தை நினைத்துப் பார்க்கிறார் என்றுகூட நினைத்தேன். என் வாயில், நான்தான் இந்த வேலையைச் செய்தேன், தொப்பியை வெட்டிச் செய்தேன் என்று சொல்ல ஒரு துடிப்பு இருந்தது. ஐயா சொன்னதை நினைத்து அடுத்த வாளிக்குத் துலாவை இழுத்தேன்.

அவர் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணாடியின் அடியில், காடியின் ஓரத்தில், இருக்கையின் விளிம்பில் எல்லாம் ஒற்றிப் பார்த்தார். கைலேஞ்சி காய்ந்தபடியே இருந்தது. கதவைத் திறந்து இறங்கி, கதவை ஆட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தமில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"சோக்கா இருக்கு. நான் வந்த பஸ்சுக்குள்ளை குடை பிடிச்சுக்கொண்டு இருந்தனான்," என்று சிரித்தார். பிறகு சினேகிதனின் தோளில் தட்டி, "சரி தம்பி. வீடும் வளவும் சொன்னமாதிரி இருக்கு, கார் எப்பிடியோ எண்டுதான் என்ரை மச்சான் யோசிச்சவன். பழசு, ஒழுகுமெண்டு ஆரோ சொல்லிப்போட்டாங்கள். இனி அவன் ஒண்டும் சொல்லேலாது. தை கடைசியிலை நாள் வைப்பம்," என்றார்.

வாளி என் கையில் இருந்தது. மாப்பிள்ளையின் அக்காவைக் கட்டியவர் இவர், கார் சினேகிதனின் தங்கைக்குச் சீதனம் என்பது எனக்கு விளங்க, வாளியைக் கீழே வைக்கிற நேரம் பிடித்தது.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "உவர் ஆர்?"

சினேகிதன் என்னைப் பார்க்கவில்லை. காரைத் தடவிக்கொண்டே சொன்னான்: "எங்கடை காரெண்டபடியா எல்லாம் கவனமாச் செய்விச்சனாங்கள். உவர்தான் கண்ணாடிக்கு றப்பர் போட்டவர்."

"அப்பிடியோ? எந்தக் கராஜ் தம்பி?"

நான் வாயைத் திறக்குமுன் சினேகிதன், "இஞ்சை பக்கத்திலைதான்," என்று சொல்லிவிட்டு, "உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடிக்கலாம்," என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனான்.

இரண்டு அடி தூரத்தில் நின்ற என்னை அவன் இவன் என்னாமல், தள்ளி நிற்கிற அந்நியரைச் சொல்வதுபோல உவர் என்றான். முன்பின் தெரியாத அந்த மனிதர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. ஒரே வாங்கில் இருந்தவன் அதே சொல்லை எடுத்துத் திருப்பிச் சொன்னானே, அது போய் அடியில் இறங்கியது. நான் கொட்டிலில் போய் இருந்தேன். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவன் வந்து ஏதாவது சொல்வான், அதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். மனிதர் போனதும் அவன் வந்தான். வரும்போதே, "கோவியாதை மச்சான்," என்றான்.

"எப்ப பேச்சு வந்தது?"

"விளக்கீட்டண்டு. அப்பாவின்ரை தங்கச்சி மாமிதான் கொண்டுவந்தவ. நல்ல இடம், டாக்குத்தர். கார் எண்டொரு சொல்லிலைதான் நிண்டவை. தங்கச்சிக்கு ஒரு நல்லது நடக்கேக்கை நான் என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்."

விளக்கீடு. அதற்கு முதல்நாள் முன்கதவுகளை முடித்தேன். அதற்குப் பிறகு பின்கதவுகளைச் செய்தேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கமோன் கமோன் என்று ஆடியதும், நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததும் அதற்குப் பிறகு. பின்பக்கந்தான் முக்கியம் என்று அவன் சொன்னது கலியாணப் பொம்பிளை இருக்கப்போகிற இடத்தை.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ செய்திருப்பியோ?"

"செய்திருப்பன்," என்றேன்.

அது உண்மை. அவனுடைய தங்கையின் கலியாணத்துக்கு என்று கேட்டிருந்தால் இதைவிடத் திறமாகச் செய்திருப்பேன். செய்துவிட்டு, காலிக்குப் போக எனக்கும் நேரமிருந்திருக்கும். அவன் அதை நம்பவில்லை என்பதை அவன் முகத்தில் கண்டேன். என்னோடு அவ்வளவு காலம் பழகியும் அவன் என்னைப் பற்றி அப்படித்தான் கணித்து வைத்திருந்தான்.

"சந்தியிலை விடுவம் எண்டாய். எங்கடை கார் எண்டாய்."

அவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ஓம், எங்கடை காரெண்டுதான் சொன்னனான். இப்பவும் எங்கடை கார்தான். உன்ரை எண்டு நான் எப்பவாவது சொன்னனானோ? சொன்னனானெண்டாச் சொல்லு."

நான் எழும்பினேன். அவன் சொன்னது சரி.

ஒழுங்கைப் பாதையால் நடந்து வரும்போது பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் நினைவுக்கு வந்தது. கேட்பவனையும் தன்னோடு சேர்த்துச் சொல்வதானால் நாம் என்று சொல்லவேண்டும். அவனை விட்டுவிட்டுச் சொல்வதானால் நாங்கள். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, உதாரணங்களோடு எழுதினேன். ஆனால் எங்கள் ஊரில் வாய்ப்பேச்சில் எவரும் நாம் என்று சொல்வதில்லை. மட்டக்களப்பார் நம்மட என்பார்கள், அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே எங்கடைதான். எதிரில் நிற்கிறவன் அந்தச் சொல்லுக்கு உள்ளே நிற்கிறானா வெளியே நிற்கிறானா என்று சொல் காட்டாது. சொல்கிறவனுடைய மனம் மட்டும் அறியும். நான் என் பாட்டில் உள்ளே ஏறி இருந்துகொண்டேன்.

முதல்நாள் அவன் தோளில் கை போட்டுச் சொன்னபோது நான் உள்ளே இருந்தேனா? இருந்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு எப்போதோ என்னை இறக்கிவிட்டான். இறக்கிய பிறகும் சொல்லை மாற்றவேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. வேறு ஊரில் பிறந்திருந்தால் அவன் ஒரு பொய்யாவது சொல்லவேண்டி வந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதார். கிணற்றடியில் சொன்ன நாலு பேரை நினைத்தோ, என்னை நினைத்தோ தெரியாது. ஐயா ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவன் உன்னை ஏமாத்தினவனோ, அல்லாட்டி நீயா நினைச்சனியோ?"

இரண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐயா தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட என்னைக் கூப்பிட்டார், போனேன். அந்த மார்கழியின் மிச்ச நாளெல்லாம் வரம்பில் நின்றேன். படித்த பெடியன் இறைக்கிறான் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பார்த்தார்கள். கார் என்னாச்சுத் தம்பி என்று ஒருவர் கேட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் கேளாதவன்போல் நின்றேன்.

பொங்கல் முடிந்த கிழமை சினேகிதன் சைக்கிளில் வந்தான். படலைக்கு வெளியே நின்று மணி அடித்தான். முன்பெல்லாம் மணி அடிக்காமல் நேரே உள்ளே வருவான்.

"மச்சான், வலதுபக்கப் பின்கண்ணாடி ஏறினபடி நிக்குது, இறங்குதில்லை. மாப்பிள்ளை பகுதி ஆக்கள் வந்து முறுக்கிப் பார்த்தவை, கைபிடி உடையப் பாக்குது. கூறைச்சீலையோடை தங்கச்சியை அதுக்கை அடைச்சு வைச்சா அவிஞ்சுபோவாள். ஒருக்கா வந்து பாரன்."

என்ன நடந்திருக்கும் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பனியில் தொப்பிக் கம்பளி ஊதியிருக்கும். பவுடர் படாத இடத்தில் பிடித்திருக்கும். போனால் சிறிது நேர வேலை. என் கை அந்த வேலைக்குத் துடித்ததும் உண்மைதான்.

"அது உங்கடை கார். நான் கை வைக்கிறது சரியில்லை," என்றேன்.

"என்னடா, உங்கடை கிங்கடை எண்டு கதைக்கிறாய்?"

"முறுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. காடியின்ரை மேலாலை பவுடரைத் தட்டிவிட்டு, கண்ணாடியை உள்ளங்கையாலை மெல்லக் கீழை அமத்துங்கோ. இறங்கும். பவுடர் ரின் தங்கச்சியிட்டை இருக்கு."

நீங்கள் என்று நான் அவனை அழைத்தது அவனுக்கு அடித்ததுபோல இருந்திருக்கவேண்டும். சைக்கிளின் மேல் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக நின்று என்னைப் பார்த்தான். "இவ்வளவு காலம் பழகிப்போட்டு..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. கலியாணத்துக்கு வரச்சொல்லி மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தான். நான் கை கழுவவில்லை, சேறு என்றேன். அம்மா வந்து வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே சுருட்டுக்கடை முதலாளி புகையிலை பார்க்க வந்தார். ஐயாவும் அவரும் கட்டுகளை விரித்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளி நின்றேன். அவர் என்னைக் கண்டுவிட்டு, குரலில் சிறிது எள்ளலோடு, "தம்பி கார் விடப்போறதெண்டு கேள்விப்பட்டன். பெரிய ஆள். அப்ப நான் கடைக்கு வேறை ஆளைப் பாக்கட்டோ?" என்றார்.

ஐயா, கையிலிருந்த புகையிலையை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே, "கார் கீரெல்லாம் சும்மா சனம் கதைக்கிற கதை. அவன் உங்களோடை வாறான்," என்றார்.

"நான் வெள்ளிக்கிழமை றெயினுக்குப் போறன்."

"வெள்ளிக்கிழமை வாறான்," என்றார் ஐயா.

வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கள் கலியாணம். அம்மா அன்று இரவு சோறு போடும்போது, வெற்றிலை பாக்கைத் தன் கையால் வாங்கியாயிற்றே, நின்று தலையைக் காட்டிவிட்டுப் போனால் என்ன, திங்கள் கழிந்து ஒரு றெயின் இல்லையோ என்று கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். கலியாண ஊர்வலம் எங்கள் ஒழுங்கை முகப்பால்தான் போகும் என்று அவருக்கும் தெரியும்.

"முதலாளியோடை போனால் கொழும்பிலை றெயின் மாறத் துணை இருக்கும்," என்றேன்.

அம்மா சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் வெள்ளிக்கிழமையே போய்விட்டேன்.